நாற்பது டிகிரியும் மரக்காணத்து உப்பும்

கோடை விடுமுறையை ஒட்டி வெளியாகும் வானிலை முன்னறிவிப்பு, செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வந்து சேரும்போது, பெரும்பாலும் அதிகபட்ச வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. மே தினம் வெள்ளிக்கிழமையில் அமைந்து விடுமுறை மூன்று நாளாக நீளும் 2026 போன்ற ஆண்டுகளில், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் புறப்படும் குடும்பத்துக்கு அந்த எண் ஓரளவு போதுமானதுதான். ஆனால் அதே சாலை கடந்துசெல்லும் மரக்காணத்து உப்பளங்களில், பாத்தியில் எவ்வளவு உப்பு விளையும் என்பதையோ, பாத்தியில் இறங்கி உப்பு வாருபவரின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதையோ அந்த எண்ணைக் கொண்டு அறிய முடியாது. காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் 796 கிலோமீட்டர் கடந்து முடிவடையும் பகுதியில், 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கழுவெளி ஏரி கடலைச் சேரும் உப்பங்கழியை ஒட்டி அமைந்த இந்த அளங்கள், தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தில் எண்ணப்படுபவை. முன்னறிவிப்பின் பயனை அளக்க இவற்றைவிடப் பொருத்தமான இடம் இந்தக் கடற்கரையில் அரிது.

ஏறத்தாழ 12.2 டிகிரி வட அட்சரேகையில் உள்ள மரக்காணத்துக்கு ஏப்ரல் 22-ஐ ஒட்டியே சூரியன் உச்சிக்கு நேராக வந்துவிடுகிறது. இருந்தும் கடும் வெப்பம் மே மாதத்தில், பஞ்சாங்கம் அக்னி நட்சத்திரம் என்று குறிக்கும் மே 4 முதல் 28 வரையிலான நாள்களில் உச்சம் பெறுவதற்கு, நிலம் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போவதும், தீபகற்பத்தின் உட்பகுதியிலிருந்து வரும் வறண்ட மேற்குக் காற்று அக்காலத்தில் வலுப்பதும் காரணங்கள். அக்னி நட்சத்திரம் வானிலைத் துறையின் கணக்கு அன்று. அது தொடங்கும் நாளில் மழை பெய்த ஆண்டுகளும் உண்டு. கடற்கரையில் ஒரு நாளின் வெப்பத்தைத் தீர்மானிப்பது கடற்காற்று உள்ளே நுழையும் நேரமே. நிலம் கடலைவிட வேகமாகச் சூடேற, அதன் மீதுள்ள காற்று விரிந்து மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடல் மீதுள்ள குளிர்ந்த காற்று கரையேறுகிறது. வழக்கமான நாளில் நண்பகலை ஒட்டி இது நிகழ்ந்து, வெப்பநிலை அதற்கு மேல் ஏறாமல் தடுத்துவிடும். மேற்குக் காற்று வலுத்த நாளில் அதுவே கடற்காற்றைக் கரையோரத்தில் நிறுத்திவைக்கிறது. இரண்டு, மூன்று மணி நேரத் தாமதம் நான்கைந்து டிகிரியைக் கூட்டிவிடும்.

இவ்விரு காற்றுகளும் உப்பை நடத்தும் விதம் வேறு. கடல்நீரின் அடர்த்தி, உப்பளத்தில் மானியால் அளக்கப்படும் போமே அளவில், சுமார் 3 டிகிரி. அது பாத்தி பாத்தியாக நகர்த்தப்பட்டு, கொள்ளளவு பத்தில் ஒரு பங்காக வற்றி, 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தாண்டினால் கசப்பான மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும் என்பதால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். அடர்த்தி கூடக்கூட நீர் ஆவியாவதும் தளர்கிறது. செறிவு நிறைந்த உப்புநீர், காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவியில் உண்மையாக இருக்கும் பங்கு, சுமார் 75 விழுக்காட்டைக் கடந்தால் ஆவியாவதை நிறுத்தி, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கடலோர இரவுகளும் அதிகாலைகளும் பெரும்பாலும் அந்த வரம்புக்கு மேலானவை என்பதால், உப்பளத்துக்குக் கிடைக்கும் உண்மையான விளைநேரம் பகலின் சில மணி நேரங்களே. அந்த நேரத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசினால் உப்புக்கு அதைவிடச் சிறந்த நாள் இல்லை.

உடலுக்கான கணக்கும் இதே ஈரப்பதத்தைச் சுற்றியே அமைகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. அது எவ்வளவு முடியும் என்பதை ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை சொல்கிறது. வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸாகவும் ஈரப்பதம் 25 விழுக்காடாகவும் உள்ள நாளில் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 25 டிகிரி. வெப்பநிலை 36 டிகிரியே ஆனாலும் ஈரப்பதம் 60 விழுக்காடானால் அது 29 டிகிரிக்கு ஏறிவிடும். வறண்ட நாள் தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. வெயிலோடு வெண்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் சேர்ந்து தாக்க, வியர்வை வழியே நீரிழப்பு மிகுந்து, அதன் சுமை சிறுநீரகத்தில் போய் முடிகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு, பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைப்பதையும், ஒரு பகுதியினரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவு செய்திருக்கிறது. எனினும் தலைப்புச் செய்தியாகும் 41 டிகிரி நாளில் உப்பாவது விளைகிறது. எவரும் பொருட்படுத்தாத 36 டிகிரிப் புழுக்கத்தில் உப்பும் மந்தப்படுகிறது, உடலும் தளர்கிறது.

அத்தகைய நாள்கள் பெருகவே வாய்ப்பு அதிகம். புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி வெப்பமடைந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பதால், கடற்காற்று கொண்டுவரும் ஈரமும் அதற்கேற்பக் கூடும்.

மே மாத வங்கக் கடல் இந்தக் கணக்கை ஒரே வாரத்தில் புரட்டிப்போடவும் வல்லது. 2016 மே மாதத்தில் இலங்கையை ஒட்டி உருவாகிக் கரையோரமாகவே வடக்கே நகர்ந்த ரோனு புயல் வட தமிழகத்துக்குக் கோடை மழையைத் தந்தது. 2019 ஏப்ரல் இறுதியில் வட தமிழகத்தை நோக்கி வருமென்று முதலில் கணிக்கப்பட்ட ஃபானி, திசை மாறி மே 3 அன்று ஒடிசாவின் புரியில் கரையைக் கடந்தது. தொலைவில் செல்லும் புயல், ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, கரைக்கு மேற்குக் காற்றை விட்டுச்செல்வதுண்டு. 2003 மே மாதப் புயல் இலங்கையைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தி மியான்மர்ப் பக்கம் போனபின், மே 31, சனிக்கிழமையன்று, சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஆகவே விடுமுறைக்கு ஐந்து நாள் முன்பு புயலின் பாதையில் நேரும் சில நூறு கிலோமீட்டர்ப் பிழை, மரக்காணத்தில் மழைக்கும் அனலுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடுகிறது.

மழை என்றால் எவ்வளவு இழப்பு என்பதை எளிய கணக்கே காட்டும். ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கர் பாத்தியில் சுமார் 40,000 லிட்டர் நன்னீரைக் கொட்டுகிறது. அந்த நீர், கொள்கையளவில், 14 டன் உப்பைக் கரைக்கவல்லது. கரையாமல் தப்பினாலும், வாரக்கணக்கில் ஏற்றிய அடர்த்தி சரிந்து வேலை பின்னுக்குப் போகிறது. சுற்றுலாப் பயணி கொண்டாடும் கோடை மழை உப்பளத்தில் அப்படியே கூலியிழப்பு. தமிழக அரசு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வழங்கும் 5,000 ரூபாய் நிவாரணம் பயனுள்ளதே என்றாலும், நாள்காட்டியின்படி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையின்மைக்கு உரியது. மே மாதத்தில் பறிபோகும் ஒரு வாரத்துக்கு அதில் இடமில்லை.

வெப்பத்துக்கான ஏற்பாட்டிலும் இதே குறை உள்ளது. இந்திய வானிலை ஆய்வுத் துறை, கடலோர நிலையங்களில் வெப்பநிலை 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் கூடினால்தான் வெப்ப அலையாகக் கருதுகிறது. அதுவும் ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் முழுவதும் ஒரே உட்பிரிவு. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று அரசு வகுத்தது வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் 36 டிகிரிப் புழுக்கம் மேற்கண்ட இலக்கணத்துக்குள் வருவதே இல்லை. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தன் அறிக்கைகளில் ஈரப்பதத்தால் ஏற்படும் அசௌகரியத்தைக் குறிப்பிட்டுத்தான் வருகிறது. கடற்காற்று எத்தனை மணிக்கு நுழையக்கூடும், நண்பகல் ஈரக்குமிழ் வெப்பநிலை எவ்வளவு என்னும் இரு விவரங்களையும் கடலோர மாவட்டங்களுக்குச் சேர்த்தால், உப்பளத்தில் எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவது என்பதை முதல் நாள் மாலையிலேயே முடிவு செய்ய முடியும். மழையிழப்புக்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படாது. மழைமானிப் பதிவுகளில் மரக்காணம் ஏற்கெனவே தனியாக இடம்பெறுகிறது. பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே அந்த மானி ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டரைக் கடந்தால், அந்த வாரத்துக்கான நிவாரணம் மனு எதுவும் இன்றியே தொழிலாளரின் வங்கிக் கணக்கில் சேரும்படி விதியில் ஒரு திருத்தம் செய்தால் போதும்.