பெரும்பான்மை எனும் போர்வை

கணினி நாணயத்திற்கு அரசன் இல்லை, அதிகாரி இல்லை, பிளவு நேர்ந்தால் மக்கள் தாம் விரும்பிய பக்கம் செல்வர் என்று பெருமை பேசுவோர் பலர். அவர்களை ஒன்று கேட்போம். 2016-இல் எதீரியம் இரண்டாய்ப் பிளந்தபோது பக்கத்தைத் தேர்ந்தவர் யார்?

நடந்தது இது. 'தி டாவோ' என்னும் கூட்டு நிதியில் ஏறத்தாழ 15 கோடி டாலர் பெறுமானமுள்ள ஈதர் குவிந்தது. அதற்கு மேலாளர் இல்லை. எழுதிய நிரலே சட்டம் என்றனர். ஜூன் 17 அன்று யாரோ ஒருவர் அந்நிரலின் ஓட்டை வழியே ஏறத்தாழ 36 இலட்சம் ஈதரை இழுத்துக்கொண்டார். ஜூலை 20 அன்று விதியையே மாற்றிப் பணத்தை மீட்டனர். மாற்றத்தை ஏற்றோர் எதீரியம் என்ற பெயரை வைத்துக்கொண்டனர். ஏற்காதோர் பழைய ஏட்டைத் தொடர்ந்து, அதை 'எதீரியம் கிளாசிக்' என்றனர்.

களவு போன பொருள் உரியவரைச் சேர்ந்தது தவறென்று நாம் கூறவில்லை. அதனை மக்கள் தீர்ப்பு என்றதையே மறுக்கிறோம். அன்றைய வாக்கெடுப்பில் ஆளுக்கொரு வாக்கு இல்லை. காசின் அளவே வாக்கின் அளவு. மொத்த ஈதரில் பத்தில் ஒரு பங்குகூட அதில் கலந்துகொள்ளவில்லை. பணத்தைப் பறிகொடுத்தவருக்கும் வாக்கு இருந்தது. வழக்காடுவோரே நடுவராய் அமர்வது எந்த ஊர் நியாயம்?

மறுபக்கத்தார் மட்டும் தூயவரோ? பிளவுக்கு முன் ஈதர் வைத்திருந்தோர் அனைவருக்கும் பழைய ஏட்டிலும் அதே அளவு நாணயம் இருந்தது. ஜூலை 24-இல் பொலோனியெக்ஸ் சந்தை அதனை விற்பனைக்கு ஏற்றது. விலை கிடைத்த பிறகன்றோ கொள்கைக்குக் கூட்டம் சேர்ந்தது! மாற்றவே கூடாது என்று அவர்கள் காத்த ஏட்டின் அண்மைப் பக்கங்களை 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் மிகுந்த கணினி வலிமை கொண்டோர் திருத்தி எழுதினர். அவர்களை எந்தக் கொள்கை தடுத்தது?

ஆக, ஒரு பக்கம் பணம் பேசியது; மறுபக்கம் சந்தையும் கணினி வலிமையும் பேசின. சிறு சேமிப்பை அங்கே ஒப்படைத்தவர் எப்பக்கமும் பேசவில்லை. அவர் பயன்படுத்திய மென்பொருளும் சந்தையும் போன வழியே அவரும் போனார்.

வங்கியில் அநீதி நேர்ந்தால் முறையிட ஒரு வாசல் உண்டு. இங்கே தீர்ப்பளிப்போர் இருக்கின்றனர்; வாசல்தான் இல்லை. அடுத்த பிளவிலேனும் தீர்ப்புச் சொல்வோர் தமக்குள்ள பங்கை முதலில் சொல்லட்டும். அதுவரை மக்களின் பெயரை அவர்கள் எடுத்தாள வேண்டாம்.