தோற்றவர் எங்கே போவார்?

வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் கரைவலை தொடங்கிவிடும். வலை வளைக்கும் கரைப்பகுதியைப் பாடு என்பார்கள். ஒரு பாட்டில் ஒரு நேரத்தில் ஒரு வலைதான் வளைக்கலாம். தோணி அரைவட்டமாக வலையை விட்டு வரும். இரு தலைக் கயிற்றையும் இரண்டு அணி கரையில் நின்று இழுக்கும். மடி கரையேறும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஒரே பாட்டை வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் பலர் பங்கிடும் இடத்தில் முறை வைத்துக்கொள்வார்கள். இன்று யார் முதல், நேற்றுக் காற்றால் கெட்ட முறை கழிந்ததா, கிடக்கிறதா என்பதெல்லாம் எந்தச் சேர்வரிலும் இல்லை. கரையில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

புளொக்செயின் எழுதிப் பிழைக்கும் நமக்கு இது பழகிய காட்சிதான். வரிசை ஒழுங்கு வேண்டும், நடுவில் ஆள் இல்லை, பொய் சொல்லக்கூடியவர்களும் கூட்டத்தில் உண்டு. மனம் வைத்தால் இந்த முறைப்பதிவை ஒரு வார இறுதியில் சங்கிலியில் ஏற்றிவிடலாம். ஆனால் மறுநாளே கரையிலிருந்து வரக்கூடிய கேள்விக்கு அதில் விடை இராது: கயிற்றை ஆள் இழுக்காமல் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுத்தால் அதுவும் முறைதானா? வடக்கு, கிழக்குக் கரைகளில் இது கற்பனைக் கேள்வி அல்ல. சம்மாட்டிக்கு நேரம் மிச்சமாகிறது, கயிறு இழுத்துப் பங்கு வாங்கியவனுக்குப் பிழைப்புப் போகிறது. எந்தப் பரிவர்த்தனை முந்தியது என்று கணுக்கள் ஒத்துக்கொள்ள, லாம்போர்ட்டும் தோழர்களும் 1982இல் பைசாந்தியத் தளபதிகள் கட்டுரையை வெளியிட்ட நாளிலிருந்து நல்ல வழிகள் வந்திருக்கின்றன. விதியை மாற்றலாமா, யார் மாற்றலாம் என்பதற்கு அப்படி ஒன்றும் நம் கைவசம் இல்லை.

அதே 1982இல் வெளிவந்த இன்னொரு நூலையும் நம் துறையார் படிக்கவேண்டும். தென்கரையின் மாவெல்ல கிராமத்துக் கரைவலைக்காரரைப் பற்றிப் போல் அலெக்சாண்டர் எழுதியது. எலினோர் ஒஸ்ட்ரொம் பொதுவளங்களைப் பற்றி 1990இல் வெளியிட்ட நூலில், நிலைத்து நிற்காத ஏற்பாடுகளுக்கு உதாரணமாக மாவெல்லவை எடுத்துக்கொண்டார். அங்கே அன்று முறை வலைக்கு உரியதாக இருந்தது, ஆளுக்கு அல்ல. ஆகவே இன்னொரு முறை வேண்டுமானால் இன்னொரு வலை செய்தால் போதுமாயிருந்தது. வலைகள் பெருகின, மீன் பெருகவில்லை. எண்ணிக்கையை மட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது. அதைத் தளர்த்திக்கொள்ளச் செல்வாக்கும் இருந்தது. ஒரே ஆள் பல முகங்காட்டி வாக்கைப் பெருக்கிக்கொள்வதற்குச் சிபில் தாக்குதல் என்று ஜோன் டூசரின் கட்டுரை பெயர் வைத்தது 2002இல். அதன் நெருங்கிய உறவு, கயிறும் நூலுமாக, நம் தீவிலேயே முன்னரே நடந்தேறியிருக்கிறது.

டோக்கனுக்கு ஒரு வாக்கு என்று எழுதும்போது நாம் செய்வதும் இதுதான். 2020 மார்ச்சில் ஸ்டீம் வலையமைப்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஸ்டீமிட் நிறுவனத்தை ஜஸ்டின் சன் வாங்கினார். நிறுவனத்தின் பெருந்தொகை நாணயங்களை வாக்குக்குப் பயன்படுத்தாமல் தடுக்க, வாக்கால் தெரிவாகும் சாட்சிக் கணுக்கள் முற்பட்டன. பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய பரிமாற்றகங்கள் வாடிக்கையாளர் வைப்பிலிட்ட நாணயங்களைக் கொண்டே வாக்களித்தன. முதல் இருபது சாட்சிகளும் இரவோடிரவாக மாறினர். நாணயத்தின் சொந்தக்காரன் வேறு, வாக்கைப் போட்டவன் வேறு. விதிப்படி பார்த்தால் அந்த வாக்கில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் இதில் கசப்பு. தோற்றவர்கள் அந்த மாதமே 20ஆம் திகதி ஹைவ் என்று தனிச் சங்கிலி கண்டு வெளியேறினார்கள்.

வெளியேறுவது என்பது நம் உலகத்தின் பெரிய வசதி. 2016 யூனில், எதீரியத்தில் இயங்கிய த டாவோ என்ற நிதியத்திலிருந்து நிரல் ஓட்டை வழியே 36 இலட்சம் ஈதர் வடிந்தது. அந்தப் பணம் ஏறத்தாழ நான்கு வாரம் நகரமுடியாமல் கிடந்ததால்தான் எதீரியத்தார் வாதாட நேரம் கிடைத்தது. நடத்திய நாணய வாக்கெடுப்பில் பெரும்பான்மை, சங்கிலியைத் திருத்தலாம் என்றது. கலந்துகொண்டதோ மொத்த ஈதரில் சிறு துளி. யூலை 20இல், 19,20,000ஆவது கட்டத்தில், திருத்தம் நடந்தது. எழுதிய நிரலே சட்டம் என்று நின்றவர்கள் பழைய சங்கிலியை எதீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். தரப்புக்கு ஒரு சங்கிலி, தரப்புக்கு ஒரு நியாயம். பலரும் இதை ஆளுகையின் வெற்றி என்று எழுதினார்கள். எங்கள் கணிப்பில் அது ஆளுகையிலிருந்து தப்பித்த வெற்றி. சேர்ந்து வாழ முடியாத இடத்தில் பிரிந்துவிட்டார்கள், அவ்வளவே.

ஆனால் திருகோணமலையின் கொட்டியார் குடாவைப் பிரதி எடுக்க முடியாது. மூதூர்க்காரருக்கு ஒரு குடா, கிண்ணியாக்காரருக்கு ஒரு குடா என்று கிளை பிரிக்க முடியாது. சுருக்குவலை போடலாமா கூடாதா என்ற தகராறில் தோற்றவரும் வென்றவரும் மறுநாள் அதே தண்ணீரில்தான் இறங்கவேண்டும். இப்போது நம்மவர் கட்டப் புறப்பட்டிருக்கும் காணிப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, வாய்க்கால் தண்ணீர்ப் பங்கீடு எல்லாம் எதீரியத்தைவிட அந்தக் குடாவுக்கே கிட்டிய உறவு. பிடிக்காவிட்டால் பிரிந்துபோ என்ற விடை அங்கெல்லாம் செல்லாது.

பிரிய முடியாதவருக்குப் பழைய முன்மாதிரி தேடினால், உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலை மாநாட்டு மேடைகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திருகோணமலையிலேயே நமக்கு அதைவிட உதவக்கூடிய ஆவணம் உண்டு. கவிராஜவரோதயர் இயற்றியதாகச் சொல்லப்படும் கோணேசர் கல்வெட்டு. பெயர்தான் கல்வெட்டு, கிடைத்திருப்பது ஏட்டில் வந்த நூல். கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் சோழநாட்டிலிருந்து குடிகளைக் கொணர்ந்து, தானத்தார், வரிப்பத்தார் என்று வகுத்து, யாருக்கு எந்தத் தொழும்பு, யாருக்கு எந்த வரும்படி என்று ஏற்படுத்திய கதையை அது விரிவாகச் சொல்கிறது. அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பிற்கால உரிமைகோரல் என்பது வரலாற்றாசிரியர் பாடு. பிறப்பை வைத்து வேலை பிரித்த அந்த ஏற்பாட்டை மீட்கவும் எங்களுக்கு ஆசையில்லை. நாங்கள் நின்று பார்ப்பது ஓரிடத்தில். இரு தரப்பாருக்கும் இடையே பிணக்கு வரும் என்று அந்த ஏற்பாடு முதலிலேயே எதிர்பார்க்கிறது. அதைத் தீர்ப்பதற்கென்று தனியுண்ணாப் பூபாலன் என்பவனை மதுரையிலிருந்து வருவித்து வன்னியனாக வைத்ததாகச் சொல்கிறது. அவன் தானத்தாரிலும் சேர்ந்தவன் அல்ல, வரிப்பத்தாரிலும் சேர்ந்தவன் அல்ல.

வெளியாள் ஒருவனை மேலே வைப்பது மையப்படுத்தல் அல்லவா என்று கேட்பீர்கள். ஆம், கொஞ்சம் அப்படித்தான். ஆனால் டாவோ கவிழ்ந்தபோது யார் முடிவெடுப்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் குரல் பெரியவர்கள் எடுத்தார்கள். எழுதாத அதிகாரம் இல்லாமற் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. நடுவர் யார், எப்படி மாறுவார், அவர் கை எதுவரை நீளும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதே எங்களுக்குப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

இன்னும் இரண்டு விடயம். வாக்கு முடிந்த நொடியில் நிறைவேறும் ஏற்பாட்டை யாரும் கட்டக்கூடாது. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற நெறிமுறையில் ஒருவர் நொடிக்கடனாக நாணயம் பெற்று, அதனாலேயே பெரும்பான்மையாகி, தம் தீர்மானத்தைத் தாமே நிறைவேற்றி, கடனையும் அடைத்துவிட்டார். எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள். அங்கே அவசர வழி திறந்திருந்தது, வாக்குக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே யோசிக்க இடைவெளி இல்லை. மற்றது, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் மரபு. பீட் ரெஸ்னிக் 2014இல் எழுதிய ஆர்எஃப்சி 7282ஐப் படியுங்கள். நூறு பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு என்றால் அந்த ஐவரின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாதவரை உடன்பாடு எட்டவில்லை என்கிறது அது. ஐவரின் மனத்தை மாற்றவேண்டும் என்று கேட்கவில்லை. அவர்கள் சொன்னதை எடுத்து ஆராய்ந்தோம், இந்தக் காரணத்தால் தள்ளினோம் என்று பதிவில் இருக்கவேண்டும் என்கிறது.

ஆளுகை பற்றி எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வாக்கு எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. எத்தனை வீதம் ஆதரவு, எந்த நாளில் அமுலானது, முடிந்தது. அடுத்த இதழ் முதல் அப்படி வருபவற்றைத் திருப்பி அனுப்புவோம். தோற்ற தரப்பு என்ன சொன்னது, யார் அதற்கு எழுத்தில் பதில் தந்தார், ஆறு மாதம் கழித்து அவர்கள் இருந்தார்களா, போனார்களா, போனால் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு பகுதியாவது வேண்டும்.