வள்ளி வரும் முன்பே வீட்டுக்குப் போகணுமா?

திருவிழாவுக்காக என் பிறந்த ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் விழாக் கமிட்டியில் இருக்கிறார். "இந்த வருஷம் வள்ளி திருமணம் நாடகம் கிடையாது. இன்னிசைக் கச்சேரிதான். நாடகத்தை யாரு உக்காந்து பாக்குறாங்க? பன்னெண்டு மணி ஆனா பொம்பளைங்க எல்லாம் பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடுறீங்க" என்றார்.

அடுப்படியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "உக்காந்து பாக்குற மாதிரியாப்பா நடத்துறீங்க?" என்று கேட்டார். அண்ணன் பதில் பேசவில்லை.

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். முப்பது வருஷம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் குலுங்கிக்கொண்டே போய், பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்புவார். ஏலச்செடி அடியில் குனிந்து காய் எடுக்கும்போது, வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கிளி விரட்டும் பாட்டை ஒருத்தி ஆரம்பித்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்களாம். இடுப்பு வலி கொஞ்சம் மறந்து போகுமாம். இன்றைக்கும் யாராவது ஒரு வார்த்தையை மாற்றிப் பாடினால் அம்மா உடனே திருத்துவார்.

அந்த நாடகத்தைச் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் 1922ல் காலமானார். இன்றும் மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஸ்பெஷல் நாடகம் என்றால் அவர் பாட்டுதான். வள்ளி வேஷக்காரி ஓர் ஊர், முருகன் வேஷக்காரர் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகையே கிடையாது. மேடையேறியதும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் பிடித்துக்கொள்வார். எல்லாருக்கும் பொதுவாக அந்தப் பாட்டுகள் மனப்பாடமாக இருப்பதால்தான் இது நடக்கிறது.

மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வார்த்தை தெளிவாகக் கேட்கவேண்டும் என்று அமைந்த பாட்டுகள் அவை. படிக்காத என் அம்மாவுக்கும் அவை மனதில் பதிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்களைப் போன்ற பெண்களுக்கு வேறு காரணமும் உண்டு. மலைக்காட்டில் தனியாகக் காவல் காக்கும் ஒரு பெண், நாரதரிடமும், வேடனாக வந்த முருகனிடமும் கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு சளைக்காமல் பதில் சொல்வாள். வீட்டில் எதிர்த்துப் பேசினால் "வாயாடி" என்பார்கள். அந்த மேடையில் மட்டும்தான் வாயாடிக்குக் கைதட்டல்!

திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ், வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காக்கி இந்த மேடைகளில் பாடியதற்காகப் பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31ந் தேதி, சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையில் இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கொடுமுடியிலிருந்து வந்த கே.பி.சுந்தராம்பாள் அம்மாவும் இதே மேடைகளில் வளர்ந்தவர்தான். 1933ல் கணவர் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 25. வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டார். ஆனால் பாட்டை விடவில்லை. சட்ட மேலவைக்கே உறுப்பினராகப் போனார்.

இத்தனை பெருமை உள்ள நாடகம் இன்று எப்படி நடக்கிறது? பத்து மணிக்குப் பபூன் வருகிறார். அப்புறம் டான்ஸ். இரண்டும் சேர்ந்து நள்ளிரவு தாண்டியும் நீள்கிறது. சிரிக்க வைக்கவேண்டியதுதான், நாங்களும் சிரிக்கத் தயார்தான். ஆனால் அப்பாவும் மகளும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கமுடியாத இரட்டை அர்த்தப் பேச்சுக்கு எப்படிச் சிரிப்பது? வயசுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். அதன்பிறகுதான் வள்ளி வருகிறாள்! அம்மா பல வருஷமாக வள்ளியைப் பார்க்கவே இல்லை. திண்ணையில் படுத்துக்கொண்டு குழாய் ரேடியோவில் வரும் பாட்டைக் கேட்பதோடு சரி.

ஆடுகிற பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவளும் பிள்ளைகுட்டிக்காரிதான். நாலு மாசச் சீசனில் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிடவேண்டும். விசில் எங்கே வருகிறதோ, அந்தப் பேச்சைத்தான் அவர்களும் பேசுவார்கள். விசில் அடிப்பவர்களும், அதற்காகவே இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லிப் பணம் குத்துபவர்களும் நம் வீட்டு ஆண்கள்தானே?

வரி வசூலிக்க வரும்போது வீட்டுக்கு இவ்வளவு என்று எங்கள் சுருக்குப்பையிலிருந்தும்தான் வாங்குகிறார்கள். நிகழ்ச்சியை முடிவு செய்யும்போது மட்டும் எங்களைக் கேட்பதில்லை.

நான் சொல்வது இவ்வளவுதான். நாடகத்தை எட்டு மணிக்கே ஆரம்பியுங்கள். பபூன், டான்ஸ் இரண்டையும் ஒரு மணி நேரத்தில் முடிக்கும்படி பேசும்போதே சொல்லிவிடுங்கள். பத்து மணிக்குள் வள்ளியை மேடைக்குக் கொண்டு வாருங்கள். காலையில் ஜீப் பிடிக்கவேண்டியவர்களும் தர்க்கத்தைப் பார்த்துவிட்டுப் படுப்பார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றும் அண்ணன் சொன்னார். அன்று ராத்திரி ஒன்பதாவது படிக்கும் என் மகள், வள்ளி-நாரதர் தர்க்கத்தைச் செல்போனில் போட்டு, பாட்டியிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அடுத்த வருஷம் கமிட்டியில பேசிப் பாக்குறேன்" என்றார்.

அம்மாவுக்கு வயசாகிறது. ஒரு தடவையாவது முன்வரிசையில் உட்கார்ந்து அவர் வள்ளியைப் பார்க்கவேண்டும்.

உங்கள் ஊர்க் கமிட்டியிலும் கேட்டுப் பாருங்களேன், சகோதரிகளே!

- ஒரு வாசகி, சிலமலை.