கேட்பதும் மறைபணியே



கோடை விடுமுறையில் மேலைநாட்டு இளைஞர், யுவதியர் பலர் மறைபணிக்காக ருமேனியாவுக்குச் செல்கின்றனர். கிராமச் சிறுவருடன் விளையாடி, விவிலியக் கதைகளைச் சொல்லிக்கொடுத்து, சில வாரங்களில் நாடு திரும்புகின்றனர். இது நற்பணியே. ஆயினும், விசுவாசத்தைத் தாமே அங்கு கொண்டுசெல்வதாக அவர்கள் எண்ணினால் அது தவறாகும்.

அந்நாட்டின் கிரேக்க கத்தோலிக்கத் திருச்சபையை 1948 இல் கம்யூனிஸ்ட் அரசு தடைசெய்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. எனினும், 1989 இல் அவ்வாட்சி வீழும்வரை இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. உரோமையுடனான ஒன்றிப்பைக் கைவிட மறுத்துக் காவலில் மரித்த ஆயர்கள் எழுவரை, பாப்பரசர் பிரான்சிஸ் 2019 ஜூன் 2 ஆம் திகதி பிளாஜ் நகரில் அருளாளர்களாக உயர்த்தினார்.

அந்நாள்களைக் கடந்துவந்த முதியோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். "அக்காலத்தில் எவ்வாறு செபித்தீர்கள்?" என அவர்களிடம் கேட்டு, அமைதியாகச் செவிமடுக்கும் இளைஞனே அங்கு நிறைவாகப் பணியாற்றியவனாவான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் எவ்விடத்திற்குப் பணிசெய்யப் புறப்பட்டாலும், போதிப்பதற்கு முன் கேட்கக் கற்பித்து அனுப்புங்கள். ஆண்டவர் அவர்களுக்கு முன்னரே அங்கு இருக்கிறார்.