வட சென்னையின் ஆயுட்கணக்கை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
மீனவர், குடியிருப்போர் நலச் சங்கத்தினர்,
எண்ணூர் முகத்துவாரப் பகுதி, சென்னை.

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி.

பொருள்: வார்டு வாரியாக இறப்பு வயதைக் கணக்கிட்டு வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2014-18 கணக்குப்படி கேரளத்தில் பிறப்பவரின் சராசரி ஆயுள் 75.3 ஆண்டுகள், சத்தீஸ்கரில் 65.2. மாநிலத்துக்கு மாநிலம் பத்தாண்டு வேறுபாடு தெரிகிறது. ஒரே மாநகராட்சிக்குள் அடையாறுக்கும் எண்ணூருக்கும் எவ்வளவு வேறுபாடு? அதை அந்தக் கணக்கு சொல்லாது. மாநிலம், கிராமம், நகரம் என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது.

எங்கள் பகுதியின் நிலையைத் தாங்கள் அறிவீர்கள். மணலியை மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் பட்டியலிட்டது. கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்தது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவருக்கு இது மூச்சோடும் தோலோடும் முடிவதில்லை. பாடு குறைந்தால் வருமானம் குறைகிறது, வைத்தியம் தள்ளிப்போகிறது.

எங்களவர் சீக்கிரம் இறப்பதற்குக் குடியும் பீடியும்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். கணக்கெடுத்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இதற்குப் புதிய ஆய்வு தேவையில்லை; பதிவேடுகள் மாநகராட்சியிடமே உள்ளன. சிக்கல் ஒன்றுதான்: இறப்பு நேர்ந்த இடத்தில்தான் பதிவாகிறது. எங்களவர் பலர் ஸ்டான்லி மருத்துவமனையில் உயிர்விடுவதால், அந்த மரணம் இராயபுரத்தின் கணக்கில் சேர்கிறது. ஆகவே, கடந்த பத்தாண்டு இறப்புகளை இறந்தவரின் வசிப்பிட முகவரிப்படி பிரித்து, வயது, பாலினம், காரணம் ஆகியவற்றோடு 200 வார்டுகளுக்கும் வெளியிட வேண்டுகிறோம். வீட்டில் நேரும் மரணங்களுக்குக் குடும்பத்தாரிடம் விசாரித்துக் காரணம் பதிய வேண்டும்.

முதியோர் உதவித்தொகை 60 வயதில் தொடங்குகிறது. எங்கள் குப்பங்களில் எத்தனை பேர் அந்த வயதை எட்டுகிறார்கள் என்பது, திட்டம் வகுப்போருக்கும் தெரிய வேண்டிய செய்தி.

மேலும் ஒரு கோரிக்கை: காற்றின் நுண்துகளுக்கு (பிஎம் 2.5) உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40. இந்த 40 என்ற வரம்பாவது மீறப்படாமலிருக்க, அளவீடுகளை அன்றாடம் தமிழில் குப்பங்களிலேயே எழுதி வைக்க வேண்டும். இறப்புக் கணக்கு வெளியாகும் வரை இப்பகுதியில் அனல்மின் நிலைய விரிவாக்கம் எதற்கும் அனுமதி வழங்க வேண்டாம் எனச் சுற்றுச்சூழல் துறைக்குத் தங்கள் துறை பரிந்துரைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்