அரை யூனிட் கடன்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பத்தாண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்தார். இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். நலம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கி, "ஹஜ்ரத், அரை யூனிட் மின்சாரத்திற்கும் ஹக்கு உண்டா?" என்று வினவினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அரை யூனிட்டுக்கு மின்வாரியமே ஆள் அனுப்பாதே, தம்பி!" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். கேட்டு முடித்தபோது, சிரித்ததற்காக நான் நாணினேன். அந்த வரலாற்றைத்தான் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கடந்த ஆகஸ்ட் மாதம் அவரும் அவருடைய நண்பர் ஒருவரும் லடாக் சென்றிருக்கிறார்கள். விடுதிகளை நாடாமல் கிராமத்து வீடுகளில் இரவு தங்கி, பகலில் மின்சைக்கிளில் பயணம் செய்வது அவர்கள் திட்டம். மின்சைக்கிள் என்பது நாமறிந்த சைக்கிள்தான். அதன் சட்டத்தில் ஒரு பேட்டரியும், சக்கரத்திலோ மிதிகட்டை அச்சிலோ ஒரு சிறு மோட்டாரும் இருக்கும். நாம் மிதிக்க மிதிக்க மோட்டாரும் உடன் தள்ளிக்கொடுக்கும். 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் உடைய வண்டிக்கு நம் நாட்டில் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஆனால் 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் தம்முடன் கொண்டு செல்ல இயலாது. ஆகவே லே நகரிலேயே இரண்டு வண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

லே நகருக்கு வடக்கே, மலைக்கு அப்பால் இருப்பது நுப்ரா பள்ளத்தாக்கு. இடையே கர்துங் லா கணவாய். லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கணவாயோ ஏறத்தாழ 5,350 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து நூறு கிலோ என்று கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டுமே அரை யூனிட் மின்சாரத்திற்கு ஈடான ஆற்றல் வேண்டும். அவர்களுடைய பேட்டரியின் முழுக் கொள்ளளவே அரை யூனிட்தான்! எனவே கணவாயை ஜீப்பில் கடந்து, திஸ்கித் என்னும் ஊரில் இறங்கி, அங்கிருந்து ஷியோக் ஆற்றங்கரை வழியாக மிதிக்கத் தொடங்கினார்கள். வழியில் ஒரு சிற்றூரில் ஓரிரவு தங்கி, மறுநாள் பிற்பகல் மூன்று மணியளவில் துர்துக் என்னும் கிராமத்தை அடைந்தார்கள். திஸ்கித்திலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தூரம்.

துர்துக்கைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பால்ட்டி மொழி பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர் அது. 1971 டிசம்பர் வரை பாகிஸ்தான் வசம் இருந்தது. அவ்வாண்டுப் போரில் துர்துக், தியாக்ஷி, சலுங்கா, தங் ஆகிய கிராமங்கள் இந்தியாவின் வசம் வந்தன. படிக்கவும் பிழைக்கவும் ஸ்கர்து முதலிய ஊர்களுக்குச் சென்றிருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். தாய் இப்பக்கம், மகன் அப்பக்கம்; கணவன் அப்பக்கம், மனைவி இப்பக்கம். நடுவே ஓர் எல்லைக்கோடு. பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெளியூர்ச் சுற்றுலாப் பயணிகள் எவரும் அங்கே செல்ல இயலாதிருந்தது. 2010ஆம் ஆண்டில்தான் அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதன் பின்னரே அவ்வூர் வீடுகள் விருந்தினர் அறைகளாயின.

ஓடைக்கு மேலுள்ள நடைபாலத்தில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போய், கல்லும் மரமும் கொண்டு கட்டிய ஒரு வீட்டில் இவர்கள் தங்கியிருக்கிறார்கள். கூரை முழுதும் பாதாமி எனப்படும் சர்க்கரைப் பாதாமிப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தனவாம். வீட்டுப் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். மதரஸாவில் கற்ற உருது இங்கே கைகொடுத்தது. ஆண் விருந்தினருக்கென வாசற்பக்கத்து அறை. பெண்கள் புழங்கும் பகுதி தனி. மரக்கோதுமை மாவில் சுட்ட 'கிஸிர்' என்னும் தோசை போன்ற ஒரு பண்டம், பாதாமிப் பழம், உப்புத் தேநீர். அறை வாடகை இவ்வளவு, உணவு இவ்வளவு என்று பெரியவர் முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இரவு உணவின்போது பெரியவர் சொன்னாராம்: "இது என் அண்ணனின் அறை. படிக்கச் சென்றவர். 1971இல் நான் சிறுவன். அவர் வருவார் என்று எங்கள் தாயார் பல்லாண்டுகள் இந்த அறையில் படுக்கையை விரித்து வைத்திருந்தார்கள். அவர் வரவில்லை. இப்போது வழிப்போக்கர் வருகிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கிறோம்."

வாசகர்களே! இனி நடந்ததைக் கேளுங்கள். அன்று மாலை முதல் ஊரில் மின்சாரம் தடைப்பட்டிருந்தது. வீட்டில் சூரியத் தகடும் ஒரு பேட்டரியும் உண்டு. அதிலிருந்துதான் இரண்டு மூன்று விளக்குகள் எரிந்தன. நம் மாணவர் அதனை அறியார். அறையில் ஒரு பிளக் இருந்தது. சைக்கிள் பேட்டரியை அதில் மாட்டிவிட்டுக் களைப்பில் உறங்கிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. வாடகை கொடுத்துத் தங்கும் அறையில் பிளக்குக்கு என்ன கேள்வி என்று எண்ணினாராம்.

ஃபஜ்ருக்கு எழுந்தபோது வீடு முழுதும் இருள். சமையலறையில் பெரியவரின் மருமகள் கைப்பேசியின் சிறு வெளிச்சத்தில் மாவு பிசைந்துகொண்டிருப்பது கதவிடுக்கு வழியே நிழலாகத் தெரிந்தது. பெரியவர் கைவிளக்குடன் ஒளுச் செய்யச் சென்றார். இவருடைய சைக்கிள் பேட்டரியிலோ பச்சை விளக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது, முழுமையாக நிறைந்துவிட்டதென்று!

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அரை யூனிட் என்பது நம் வீட்டில் ஒரு மின்விசிறி ஏழு மணி நேரம் ஓடும் மின்சாரம். நமக்கு அது கணக்கே இல்லை. சிறிய சூரிய மின்னமைப்பு உள்ள வீட்டிலோ அது ஓர் இரவின் வெளிச்சம் முழுதும். வீட்டார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சூடான ரொட்டி வந்தது. இவரும் நாணத்தால் வாய் திறக்கவில்லை. வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆகியும் அந்தப் பச்சை விளக்கு கண்ணை விட்டு அகலவில்லை என்றார்.

"வாடகைதான் கொடுத்துவிட்டேனே, ஹஜ்ரத். அதில் இதுவும் அடங்காதா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "தம்பி, நீ பேசிய வாடகை எதற்கு? அறைக்கும் உணவுக்கும். அதில் அடங்காததைக் கேளாமல் எடுத்தாய். அளவு சிறிது, ஆனால் அந்த உரிமை சிறிதன்று. வாசலில் ஸலாம் சொல்லி அனுமதி பெற்றே பிறர் இல்லத்தில் நுழையுமாறு நமக்குக் கட்டளை உண்டு. வாசலுக்குப் பெற்ற அனுமதி வீட்டிலுள்ள அனைத்திற்கும் பெற்ற அனுமதி ஆகுமா? அவரிடமே சொல்லி, ஹலாலாக்கிக் கேள்."

அவரிடம் பெரியவரின் தொலைபேசி எண் இருந்தது. அங்கேயே, என் முன்னிலையிலேயே பேசினார். மறுமுனையில் பெரியவர் உரக்கச் சிரித்தது எனக்கும் கேட்டது. "குடித்த தண்ணீருக்கு யாராவது கணக்குக் கேட்பார்களா, மகனே? அதை அன்றே மறந்துவிட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் ஒன்று. நீங்கள் வந்தது மூன்று மணிக்கு. ஏழு மணி வரை வெயில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வெயிலிலேயே உன் வண்டிக்கும் ஏற்றியிருப்பேன், என் வீட்டு விளக்கும் எரிந்திருக்கும்" என்றார்.

அன்பர்களே! அந்தப் பெரியவர் சொன்னதில் என் உபதேசத்தைவிட அதிகம் இருக்கிறது. கேட்டிருந்தால் இருவருக்கும் போதுமானதாகவே இருந்தது. கேளாமையால்தான் ஒருவருக்குக் குறைந்தது.

இங்கே உங்களில் சிலருக்கு வேறொரு ஐயம் எழக்கூடும். விருந்தினரிடம் காசு வாங்கலாமா? நம் முன்னோர் திண்ணை வைத்து வீடு கட்டியது வழிப்போக்கர் இளைப்பாறத்தானே! பள்ளிவாசல்களை ஒட்டி முசாபர்கானாக்கள் எழுந்ததும் அதற்காகத்தானே! வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தாரே!

உண்மைதான். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் விருந்தோம்பலுக்கு மூன்று நாள் என்று அளவு கூறியதோடு, வீட்டாரைச் சிரமத்திற்குள்ளாக்கும் அளவு விருந்தாளி தங்கலாகாது என்றும் கற்பித்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வழி தவறி வந்த ஒருவரை உபசரிப்பது வேறு. கோடை முழுதும் நாள்தோறும் வருகிறவர்களுக்கு இலவசமாகச் சோறிடுவது ஏழைக் குடியானவரால் இயலுமா? இயலாததை மரியாதையின் பெயரால் அவர் தலையில் சுமத்துவது எந்த வகை நீதி?

அதே லடாக்கில் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் ரும்பாக் என்றொரு பௌத்தக் கிராமம் உண்டு. பனிச்சிறுத்தைகள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றதால் அப்பகுதி மக்களுக்கு அவ்விலங்கின் மீது தீராத பகை. 2002ஆம் ஆண்டளவில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் உதவியோடு அங்கே வீடுகளில் பயணிகளைத் தங்கவைக்கும் முறை தொடங்கியது. கட்டணம் எல்லா வீட்டுக்கும் ஒன்று. விருந்தினர் முறைவைத்து வீடு வீடாக அனுப்பப்படுவர்; ஆகவே அண்டை வீட்டாரிடையே பொறாமைக்கு இடமில்லை. வருவாயை நிர்வகிப்போர் பெரும்பாலும் பெண்கள். ஒரு பகுதி ஊர்ப் பொதுக் காரியத்திற்குப் போகிறது. சிறுத்தையைக் காண விரும்பி வருகிறவர்களால் வருவாய் வரவே, அதைக் காப்பதில் ஊராருக்கும் அக்கறை பிறந்தது. வெளிப்படையாகப் பேசி வாங்கும் காசு விருந்தோம்பலைக் கெடுத்துவிடவில்லை என்பதற்கு இது சான்றன்றோ!

நம் இல்லத்துப் பிள்ளைகளும் இன்று இப்படிப்பட்ட பயணங்களுக்குப் புறப்படுகிறார்கள். தடுக்க வேண்டியதில்லை. புறப்படும்போது சில சொற்களைச் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாடகையுடன் மின்சாரத்தையும் பேசிவிட வேண்டும். "என் வண்டிக்கு அரை யூனிட் தேவை, எப்போது, எங்கே ஏற்றலாம்? அதற்கு எவ்வளவு?" என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்வது நலம்; வீட்டாருக்குச் சமைக்கவும் அவகாசம் கிடைக்கும். பேட்டரியைப் படுக்கை, விறகு ஆகியவற்றின் அருகே வைத்து ஏற்றலாகாது. விழித்திருக்கும் நேரத்தில், கண்பார்வையில் ஏற்ற வேண்டும். உறைகுளிரில் கிடந்த பேட்டரியை உடனே மின்னிணைப்பில் மாட்டாமல், அறையின் வெப்பத்திற்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெண்கள் புழங்கும் பக்கம் போகுமுன் குரல் கொடுக்க வேண்டும். படம் எடுக்குமுன் கேட்க வேண்டும்.

விருந்தினரை வீட்டில் ஏற்க எண்ணும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டு ஒழுங்கையும் கட்டணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனத்தில் வைத்துப் புழுங்குவதைவிட, வாய் திறந்து சொல்வது இருவருக்கும் நன்மை. துர்துக் பெரியவர் அன்றிரவு எழுந்து, "மகனே, அதைக் கழற்றிவிடு" என்று சொல்லியிருந்தால் விருந்தோம்பலில் ஒரு குறையும் வந்திராது. அண்ணனின் அறையில் உறங்குகிறவனை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை போலும்!

மாணவர் பணம் அனுப்புவதாகச் சொன்னதற்குப் பெரியவர் ஒப்பவேயில்லை. "வேண்டுமானால் உன் ஊரின் இனிப்பு ஏதேனும் அனுப்பு" என்றாராம். உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் அஞ்சலில் போயிருக்கிறது. அது போய்ச் சேர்ந்ததும், பனைமரத்தையே பார்த்திராத அந்த வீட்டில் அதை எதனோடு சேர்த்து உண்டார்கள் என்று கேட்டுச் சொல்வதாக மாணவர் கூறியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், தெரிந்ததும் உங்களுக்கும் எழுதுகிறேன்.