மருந்து பிச்சையா, உரிமையா?

எய்ட்ஸ் வந்தால் சாவுதான் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை. எச்.ஐ.வி. கிருமியை அடியோடு அழிக்க மருந்து இல்லை என்பது உண்மையே. ஆனால் அதை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து 1996லேயே வந்துவிட்டது. நாள்தோறும் தவறாமல் உட்கொண்டால் நோயாளி எழுந்து நடமாடுகிறார், வேலைக்குப் போகிறார். கிருமி நன்கு அடங்கிய பின் உடலுறவால் மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆக, சிகிச்சையே தடுப்பும் ஆகிறது.

அப்படியானால் அதற்குப் பிறகும் ஆப்பிரிக்க மக்கள் லட்சம் லட்சமாக மாண்டது ஏன்? விலைதான் கொன்றது! ஒருவருக்கு ஓராண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் கேட்டன மேல்நாட்டுக் கம்பெனிகள். ஒரு சுரங்கத் தொழிலாளி இந்தத் தொகைக்கு எங்கே போவான்?

மருந்து செய்யும் செலவா இவ்வளவு? இல்லவே இல்லை. 'நான் மட்டுமே செய்வேன், வேறு யாரும் செய்யக்கூடாது' என்று கம்பெனிக்குச் சட்டம் தந்திருக்கும் பேட்டண்ட் உரிமையே காரணம். போட்டி இல்லாத சந்தையில் அவன் வைத்ததே விலை.

1997ல் தென்னாப்பிரிக்க சர்க்கார், மலிவான மருந்தைத் தருவிக்க வழிசெய்து ஒரு சட்டம் இயற்றியது. உடனே மருந்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. 39 கம்பெனிகள் ஒரு பக்கம். நோயாளிகளும் தொழிற்சங்கங்களும் மறு பக்கம். தெருவெங்கும் ஊர்வலம், உலகெங்கும் கண்டனம்! 2001 ஏப்ரலில் கம்பெனிகள் வழக்கை வாபஸ் வாங்கின.

அதே ஆண்டு பிப்ரவரியில், மும்பையின் சிப்லா கம்பெனி அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 10,000 எங்கே, 350 எங்கே! இது எப்படி முடிந்தது? இந்தியாவின் 1970ஆம் ஆண்டுப் பேட்டண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோகம் தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய நமது தொழிற்சாலைகளுக்குத் தடை இல்லை. 2005ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மருந்துப் பொருளுக்கே ஏகபோக உரிமை வந்துவிட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

2002ல் உலக நிதியம் பிறந்தது. 2003ல் அமெரிக்க உதவித் திட்டம் தொடங்கியது. இவை ஏராளமான உயிர்களைக் காத்தன. அதை மறுப்பது நேர்மையாகாது. 2024ல் உலகில் 4 கோடியே 8 லட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்ந்தனர். அவர்களில் 3 கோடியே 16 லட்சம் பேருக்கு மருந்து கிடைத்தது.

ஆனால் கொடுத்த கை மூடிக்கொண்டால்? 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தினார். பிறகு சில விலக்குகள் தரப்பட்டன. அதற்குள் ஆப்பிரிக்காவில் பல சிகிச்சை நிலையங்கள் கதவை மூடின. சுகாதார ஊழியர்கள் வேலை இழந்தனர். ஏழையின் உயிர் எங்கோ ஒருவர் பேனா முனையில் தொங்குவது என்ன நியாயம்?

புதிதாக ஒரு தடுப்பு ஊசி வந்திருக்கிறது. பெயர் லெனாகபவிர். ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால் போதும். 2025ல் அமெரிக்காவில் இதற்கு வைத்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர்! 120 நாடுகளுக்கு 2027 முதல் 40 டாலருக்குத் தரலாம் என்று இந்தியக் கம்பெனிகளோடு செய்த ஏற்பாடு அறிவிக்கப்பட்டிருக்கிறது. நல்லதே. ஆனால் பிரேசில் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஊசியைச் சோதித்துப் பார்க்க மட்டும் பிரேசில் மக்களின் உடம்பு வேண்டியிருந்தது!

சோதனைக்கு உடம்பு தந்த நாட்டுக்கு மருந்தும் சேர வேண்டும். விலை குறைந்த மருந்தை எல்லா ஏழை நாடுகளும் தாமே செய்யவோ தருவிக்கவோ தடை இருக்கக்கூடாது. பணக்கார நாடுகளின் உதவி, நினைத்தபோது நிறுத்த முடியாத உடன்படிக்கையாக வேண்டும். நமது சர்க்காரும் எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் மலிவு மருந்து செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கக்கூடாது.

39 கம்பெனிகள் தாமாக மனமிரங்கிப் பின்வாங்கவில்லை. ஒன்றுபட்டு நின்ற மக்களே அவற்றைப் பின்வாங்க வைத்தார்கள்.